கடைசியில் ஓர் ஆள்

புகார்க் கடிதம் எழுத எல்லோருக்கும் வராது. வரும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், அதுதான் தொல்லை. முப்பத்தோரு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். தண்ணீர் வரவில்லை, சாலை விளக்கு எரியவில்லை, வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்று நாளைக்கு நாற்பது ஐம்பது கடிதம் வரும். பாதிப்பேர் முதல் வரியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். மீதிப்பேர் மூன்று பக்கம் எழுதிவிட்டு எந்தத் தெரு என்று சொல்ல மறந்துவிடுவார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் எழுதுகிறவனுக்கு விலாசம் எங்கே நினைவிருக்கும்.

அதனால்தான் இங்கே ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் லோகன், "ஆன்டி, நீங்க சொல்லுங்க, நான் மலாய்ல டைப் பண்ணிக்கிறேன்," என்றபோது வேண்டாம் என்றேன். நானே தமிழில் எழுதித் தருகிறேன், பிறகு நீங்கள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்தவர் எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கவுண்டருக்கு வந்து அழுதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் தங்கமான பிள்ளை. கோடு போட்ட தாளும் இரண்டு பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

நல்ல புகார் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு அது தேவைப்படும். எடுத்ததும் ஒரு நன்றி வேண்டும். நடுவில் தேதி, நேரம், எண் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். கடைசியில் ஓர் ஆள் வேண்டும். 'எங்கள் தெருவில் தண்ணீர் இல்லை' என்றால் அதிகாரி டீ குடிக்கப் போய்விடுவார். 'எங்கள் தெருவில் தண்ணீர் இல்லை, படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் அக்காவைத் துடைத்துவிட முடியவில்லை' என்றால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அக்கா இருக்கிறாளா இல்லையா என்று யாரும் வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை.

என் பெயர் சாந்தமேரி. வயது அறுபத்துமூன்று. பிரிக்ஃபீல்ட்ஸ் ஃப்ளாட்டில் நான்காம் மாடி. என் கணவர் கபிரியேல் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தார், ஏழு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் எவலின், முப்பத்தாறு வயது, பங்சாரில் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள்.

அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கிடந்தபோது நாளைக்குப் பதினொரு மாத்திரை. எது வெறும் வயிற்றில், எது சாப்பிட்ட பிறகு, எது கொடுத்தாயிற்று, எது பாக்கி என்று எனக்கும் அவளுக்கும் தினமும் வாக்குவாதம். அதற்காக எவலின் ஒரு புரோகிராம் எழுதினாள். பெயர் 'வேளை.' எந்த ஆளுக்கு எந்த மாத்திரை எந்த நேரத்தில் என்று திரையில் வரும். கொடுத்துவிட்டு அமுக்கினால் மறைந்துவிடும். அவ்வளவுதான். கபிரியேல் போன பிறகு அதைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. இன்டர்நெட்டில் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டாள்.

இதை ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், ஒரு காசு கிடையாது. பக்கத்து வீட்டு தாமரை, "கோயில் அன்னதானம் மாதிரிதானே மேரி அக்கா," என்றாள். அதே மாதிரிதான். ஆனால் அன்னதானத்தில் சாப்பிட்டவன் மறுநாள் வீடு தேடி வந்து ரசத்தில் உப்பு இல்லை என்று நிற்பதில்லை. இதில் நிற்பான். நாலு வருடத்தில் பத்தொன்பது நாட்டில் முதியோர் இல்லங்கள் 'வேளை'யை வைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தன. எங்காவது ஒன்று கோணினால் எழுதிப் போடுவார்கள். எவலின் அதை பக் என்பாள், நான் புகார் என்பேன்.

அவள் ஆபீஸ் விட்டு வந்து குளித்து, சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். ஒரு நாள் தேதி இடம் மாறித் தெரிகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு நாள் எழுத்து சிறியதாக இருக்கிறது என்பார்கள். எதுவும் வராவிட்டாலும் பழையதைத் துடைத்துப் புதியதை ஏற்றுகிற வேலை இருந்துகொண்டே இருக்கும். நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வேன், ஜெபமாலை சொல்வேன். அவள் விரல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். கபிரியேல் இல்லாத குறை எனக்கு அந்த நேரத்தில் தெரியாது.

பிராண்டன் முதலில் திரையில் ஒரு பெயராகத்தான் வந்தான். கிள்ளான்காரன், துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. 'வேளை'யில் இருந்த கோளாறுகளைத் தானாகவே சரிசெய்து அனுப்பிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கையில் ஒரு டப்பா பால்கோவாவோடு வீட்டுக்கே வந்தான். நல்ல பிள்ளை. அதை நான் மறைக்கவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பான். எவலின் அவனோடு பேசும்போது அப்பாவைப் போலவே மூக்கைச் சுருக்கிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் வெகுநாள் பார்க்கவில்லை.

இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு மதியம் அவர்கள் இரண்டு பேரும் என் எதிரே உட்கார்ந்தார்கள். எவலின்தான் பேசினாள்.

"அம்மா, மூணு மாசமா வேளைல ஒரு பக் கூட வரல. எல்லாம் செட்டில் ஆயிடுச்சு. இனிமே மெயின்டனன்ஸ் மட்டும்தான், அத வேற ரெண்டு பேருகிட்ட குடுத்திடலாம். பிராண்டனுக்கு வெலிங்டன்ல வேலை கிடைச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கிட்டு நாங்க போலாம்னு இருக்கோம்."

"நீங்களும் வந்து இருக்கலாம் ஆன்டி," என்றான் பிராண்டன். மரியாதைக்குச் சொன்னதல்ல, உண்மையாகத்தான் சொன்னான். கடல் தாண்டி, அந்தக் குளிரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

மகள் போவதைத் தடுக்கிற தாய் நான் இல்லை. "போயிட்டு வாம்மா, எனக்கென்ன, நாலு சுவர் இருக்கு, பேச தாமரை இருக்கா," என்றுதான் சொன்னேன். எவலின் அழுதாள். நான் அழவில்லை. மீன் கறியை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஒரே ஒரு விஷயம்தான் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று மாதமாகப் புகார் இல்லை என்பதால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கவுண்டரில் இருந்தவர்களுக்குத் தெரியும். புகாரே வராத தெருவில்தான் ஜனங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்து போயிருப்பார்கள். அப்படி வாய் திறக்காமல் இருக்கிறவர்களுக்காக யாராவது எழுத வேண்டாமா? அந்த வாரமே நான் எழுதினேன்.

எவலினின் பழைய லேப்டாப் என்னிடம் இருந்தது. ஸ்காட்லாந்தில் ஒரு மார்கரெட், முதியோர் இல்லத்தில் நர்ஸ். முதலில் நன்றி. பிறகு, குளிர்காலம் முடிகையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும்போது மருந்து நேரம் இடறுகிறது என்று தேதியோடு விவரம். கடைசியில் மார்கரெட்டின் கவனிப்பில் இருக்கும் கண் தெரியாத ஒரு பள்ளி ஆசிரியை. என் ஆங்கிலம் கான்வென்ட் ஆங்கிலம், சந்தேகப்பட ஒன்றும் இருக்காது. எவலின் இரண்டு வாரம் தேடினாள். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் சும்மா விடுகிற குணம் அவளுக்கு இல்லை, அப்பாவைக் கொண்டு பிறந்தவள். வெலிங்டன் பேச்சு அந்த மாதம் எழவில்லை.

அதன் பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். ஒருவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுவார். ஒருத்திக்கு இலக்கணம் வராது. தைப்பிங் பவுனம்மாள் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பாள், அவள்மேல் எனக்கே ஒரு பாசம் வந்துவிட்டது. யார் எப்போது என்ன சொன்னார் என்பது குழம்பக் கூடாது என்று ஒரு பதிவேடு வைத்துக்கொண்டேன். நீல அட்டை, கவுண்டரில் வைத்திருந்தது போலவே: தேதி, பெயர், ஊர், புகார், நடவடிக்கை. இந்த வாக்குமூலத்தோடு அதையும் கொடுக்கிறேன்.

பிராண்டன் கெட்டிக்காரன். எழுதிய அன்றைக்கே பாதியைச் சரிசெய்துவிடுவான், அல்லது இப்படி ஒரு கோளாறே இல்லை என்று நிரூபித்துவிடுவான். எனவே அவனால் பிடிக்க முடியாத மாதிரி எழுதப் பழகினேன். எப்போதாவது நடக்கிறது, மூன்று தடவை நடந்தது, மறுபடி பார்த்தால் இல்லை என்பது மாதிரி. வீட்டில் பல்லி கத்துகிற மாதிரிதான் இதுவும். சத்தம் கேட்கும், ஆளைத் தேடினால் கிடைக்காது. எவலின் மாதக்கணக்கில் தேடினாள்.

கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனது. அவள் இளைத்துப்போனாள். போன் டிங் என்றாலே தோள் தூக்கிப்போடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள், பூசை நடுவில் புகார் வந்தால் என்ன செய்வது என்றாள். ஒரு சாயங்காலம் ஜன்னலோரம் நின்று, மோனோரெயில் போவதைப் பார்த்துக்கொண்டே, "மூச்சு முட்டுதும்மா. கதவு எந்தப் பக்கம்னே தெரியல," என்றாள். நான் எழுந்து போய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். அவளுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்தேன். வெளியூர் போயிருந்தால் இதையெல்லாம் யார் பார்த்துச் செய்திருப்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் அவளே கேட்டாள். "அம்மா, முப்பது வருஷம் கம்ப்ளெய்ன்ட் பாத்தவங்க நீங்க. வர்றத பிரிச்சு மட்டும் வைங்களேன். அவசரமா, இல்லையான்னு." தன் பெயரில் உள்ளே போகிற சாவியையும், அதாவது பாஸ்வேர்டையும், எனக்குக் கொடுத்தாள். ஆக, எழுதுவதும் நான், வாங்கி முத்திரை குத்துவதும் நான். அலுவலகத்தில் இப்படி ஒருத்தி செய்திருந்தால் மறுநாளே வேலை போயிருக்கும். வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை.

இந்த வருடம் ஜனவரியில் பிராண்டன் பொறுமை இழந்தான். விசா வந்துவிட்டது, கோயிலில் மே மாதம் நாள் குறித்தாயிற்று, இந்த முறை தள்ளிப் போடுவதில்லை என்றான். எவலினும் தலையாட்டினாள். நான்கு மாதம்தான் இருந்தது. சின்னப் புகார்கள் இனி வேலைக்கு ஆகாது என்று எனக்குப் புரிந்தது.

ராஜன் என்று ஒருவரை உண்டாக்கினேன். சிரம்பானில் சிறிய முதியோர் இல்லம் நடத்துகிறவர், அமைதியானவர், யாரையும் பழி சொல்லாதவர். சாயங்காலம் ஏழு மணிக்கு ஷிப்ட் மாறுகிறபோது கொடுக்காமல் விட்ட ஒரு மாத்திரை திரையிலிருந்து தானாக மறைந்துவிடுகிறது என்று எழுதினார். மூன்று தேதி கொடுத்தார். கடைசியில் வள்ளியம்மா, எண்பத்தோரு வயது, இருதய மாத்திரை மூன்று நாள் தவறி, போய்விட்டார். 'உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, இலவசமாகச் செய்கிறீர்கள், இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்' என்று முடித்திருந்தார். முப்பத்தோரு வருடத்தில் அவ்வளவு நல்ல கடிதம் என் கவுண்டருக்கு வந்ததில்லை.

எவலின் அதைப் படித்தபோது நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஒரு ஆள கொன்னுட்டேன்மா," என்றாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மே மாதக் கல்யாணம் வேண்டாம் என்று அவளே போன் செய்து சொன்னாள்.

பிராண்டன் அன்றைக்கே ரயிலேறி வந்துவிட்டான். அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"எவி, நானும் நூறு தடவ பாத்துட்டேன், அப்படி எதுவும் மறையல. இல்லாத வியாதிக்கு மருந்து குடுக்காத லா. வேற எதையாவது ஒடச்சிருவ."

"செத்துப்போயிருக்காங்க பிராண்டன். நீ கண்ணால பாக்கலங்கறதுக்காக நான் சும்மா இருக்கணுமா?"

அவன் எழுந்து போய்விட்டான். எவலின் பத்து நாள் உட்கார்ந்து 'வேளை'யை மாற்றினாள். இனி ஷிப்ட் மாறும்போது எந்த மாத்திரையும் மறையாது. அடுத்த ஷிப்ட் நர்ஸ் தன் கையால் அமுக்கும்வரை திரையில் நின்றுகொண்டே இருக்கும். பிப்ரவரி ஒன்பதாம் தேதி எல்லோருக்கும் அனுப்பினாள். ராஜன் நன்றி சொல்லி எழுதினார்.

அவள் செய்த மாற்றத்தில் ஒரு பிசகு இருந்தது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஆறரை மணிக்குப் பகல் நர்ஸ் மாத்திரையைக் கொடுத்து அமுக்கியும் விடுகிறாள். ஏழு மணிக்கு அடுத்தவள் வந்து திரையைப் பார்க்கிறாள். அதே மாத்திரை இன்னும் கொடுக்கவில்லை என்று நிற்கிறது. இல்லாத ஓட்டையை அடைக்கப் போய் எவலின் புதிதாக ஒரு ஓட்டை போட்டுவிட்டாள். தூங்காமல் சாப்பிடாமல் செய்த வேலை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

பிப்ரவரி இருபதாம் தேதி ஒரு புகார் வந்தது. கிள்ளானில் ஓர் இல்லம், நர்ஸ் பெயர் சந்திரகலா. "பாஸ், மருந்து குடுத்து அமுக்கியாச்சு. ஷிப்ட் மாறினா அதே மாத்திரை திரும்ப வருது. தோலோங் செக்." தோலோங் என்றால் தயவுசெய்து. அவ்வளவுதான் கடிதம். நன்றி இல்லை, தேதி இல்லை, ஆள் இல்லை. திரையைப் படமெடுத்து இரண்டு படம் மட்டும் வைத்திருந்தாள். கவுண்டரில் வந்திருந்தால் அடியில் போய்விட்டிருக்கும்.

ஆனால் படத்தைப் பார்த்ததும் அது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதை எழுதாமல் விட்டால் இந்த வாக்குமூலத்துக்கு அர்த்தம் இல்லை. எவலின் அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தாள். எழுப்பிக் காட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் பழையபடி மாற்றியிருப்பாள். பிறகு பிராண்டன் வந்து, நான் அப்போதே சொன்னேனே என்பான். அந்த ராஜன் யார், போய்ப் பார்க்கலாம் வா என்பான். பார்த்தால் இல்லம் இருக்காது. மே மாதம் பக்கத்தில் இருந்தது, நிறுத்தின கல்யாணத்தை மறுபடி வைத்துவிடுவார்கள்.

'பயனர் சரியாக அமுக்கவில்லை, புகார் முடிக்கப்பட்டது' என்று எவலின் பெயரில் எழுதி மூடினேன். சந்திரகலா மூன்று நாள் கழித்து மறுபடி எழுதினாள். மறுபடி மூடினேன். மூன்றாவது தடவை, "பாஸ், நாங்க சரியாத்தான் அமுக்குறோம், புது ஆளுங்க இருக்காங்க, பயமா இருக்கு," என்றிருந்தாள். அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு கஞ்சி வைக்கப் போனேன். அன்றைக்கு எவலினுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. கஞ்சி வைத்துவிட்டு வந்து மூடினேன். பதிவேட்டில் மூன்றும் இருக்கின்றன, தேதியோடு.

அந்த இல்லத்தில் புதிதாக வந்த ஒருத்தி திரை சொன்னதை அப்படியே செய்தாள். பரமேஸ்வரன், எழுபத்துநாலு வயது, லோரி ஓட்டியவர், சர்க்கரை வியாதி. ஆறரைக்கு ஒரு மாத்திரை, ஏழரைக்கு அதே மாத்திரை இன்னொன்று. நாலு நாள் அப்படி நடந்திருக்கிறது. ஐந்தாம் நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து போய்விட்டார். அவருக்கு இரண்டு மகள்கள். மார்ச் நாலாம் தேதி பேப்பரில் படம் வந்தது, வேட்டி சட்டையில் நன்றாக இருந்தார்.

சந்திரகலா எல்லோரும் பார்க்கும்படி எழுதிப் போட்டுவிட்டாள். பிராண்டன் அதைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் பழையபடி மாற்றிவிட்டான். நான் கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது, ஒரு மணி நேரம்தான் பிடித்தது. மூடியிருந்த மூன்று புகாரையும் எவலின் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தன் பெயர் இருந்தது, ஆனால் எழுதிய நினைவில்லை. "நான் எப்பம்மா இத மூடினேன்?" என்று கேட்டாள். "காய்ச்சல்ல எழுந்து உட்கார்ந்தியே, படுத்துக்கோன்னு நான் சொன்னேனே, மறந்துட்டியா?" என்றேன். ஆமாம் என்றாள்.

அந்த 'ஆமாம்' எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தையிலிருந்தே நான் சொன்னால் நம்பிவிடுவாள். சில சமயம் நம்பக் கூடாது.

போலீஸ் வந்தது, விசாரித்தது. எவலின் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஆறு மாதம் ஓடியது. அவள் அறையை விட்டு வரவில்லை, நான் தட்டை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். செப்டம்பரில் இன்ஸ்பெக்டர் லோகன் வீட்டுக்கே வந்து சொன்னார். இலவசமாகக் கொடுத்தது, அவரவர் பொறுப்பில் பயன்படுத்துங்கள் என்று முன்பே எழுதி வைத்திருக்கிறது, உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க இடமில்லை, நீங்கள் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றார். பிராண்டன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். இத்தனைக்குப் பிறகும் அவன் போகாமல் இருந்தான் பாருங்கள். டிக்கெட் எடுத்துவிட்டார்கள். கல்யாணம் அங்கேயே வைத்துக்கொள்வதாம்.

அக்டோபர் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, எவலின் ஞானஸ்நான சர்டிபிகேட் தேடி என் அலமாரியைத் திறந்தாள். நீலப் பதிவேடு துணிக்கு அடியில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நான் சோறு போட்டு வைத்தேன். ஆறிக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கம் வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வள்ளியம்மான்னு யாருமே இல்லையா?"

"இல்லை," என்றேன்.

"எட்டு மாசமா அவங்களுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு இருக்கேன்மா." இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மூக்கு சுருங்கவில்லை. பிறகு, "பரமேஸ்வரன்?" என்றாள்.

"அவர் இருந்தார்," என்றேன். பொய் சொல்லவில்லை.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பிராண்டன்கிட்ட கூட. நீங்க ஜெயிலுக்குப் போறத என்னால பாக்க முடியாது. ஆனா நான் போறேன்மா. போனதுக்கப்புறம் கூப்பிடாதீங்க. நானும் கூப்பிட மாட்டேன்." பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். அன்றையிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. ஒன்பது நாள் ஆகிறது.

இந்த ஒன்பது நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. பரமேஸ்வரனின் மகள்கள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார்கள். ஒருவர் செத்திருக்கிறார், உண்மை தெரிந்த நான் சும்மா இருப்பது சரியா என்று என் மனசாட்சி கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் மனசாட்சி சொன்னபடி இன்று ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு நேராக இங்கே வந்துவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. செய்தது நான்தான். ராஜன் நான்தான், மார்கரெட்டும் பவுனம்மாளும் நான்தான், சந்திரகலாவின் மூன்று புகாரையும் மூடியதும் நான்தான். தெரிந்துதான் மூடினேன்.

எதையும் விட்டுவிடக் கூடாது என்பதால் இன்னும் ஒன்றைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. என் மகள் எவலினுக்கு இந்த மாதம் மூன்றாம் தேதியிலிருந்து எல்லாம் தெரியும். தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லவில்லை. பாசத்தால்தான் சொல்லவில்லை, ஆனாலும் சொல்லவில்லை. தேதியைச் சரியாக எழுதுவது எனக்கு முப்பத்தோரு வருடப் பழக்கம். உள்ளே வரும்போது முன்னால் இருந்த போலீஸ்காரரிடம் பொதுவாக விசாரித்தேன், இப்படிப்பட்ட ஒரு சாட்சி வெளிநாடு போக முடியுமா என்று. "சூசா லா ஆன்டி, கஷ்டம்தான். கேஸ் முடிய ரெண்டு மூணு வருஷம் ஆகும்," என்றார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

நான் உள்ளே இருந்தால் அவள் வாரம் ஒருமுறையாவது வந்து பார்ப்பாள். பேசாவிட்டாலும் எதிரே உட்கார்ந்திருப்பாள். பெற்றவளை அப்படியே விட்டுவிடுகிறவள் இல்லை, நான் வளர்த்த பெண்.

நல்ல புகாரின் கடைசியில் ஓர் ஆள் வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். அந்த ஆள் எவலின். செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அவள் விமானம். பாஸ்போர்ட் அவள் அறையில் மேசைக்கு இடது பக்கம் இரண்டாவது இழுப்பறையில், அப்பாவின் ரயில்வே பேட்ஜுக்கு அடியில் இருக்கும். நீங்கள் வீடு முழுக்கத் தேடிக் கஷ்டப்படக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.